மமானி வீட்டுப் பழைய கூரை

ஆண்டிஸ் மலையில் மேகம் வந்து பட்டியில் ஆடுகளோடு படுத்துக்கொள்கிற உயரத்தில் ஓர் ஊர். உருளைக்கிழங்கு அமோகமாக விளையும். மூளைக்குத்தான் அந்த மண் ஒத்துவரவில்லை.

அங்கே கூலி கிடையாது. இன்று உன் வேலைக்கு நான் வந்தால், நாளை என் வேலைக்கு நீ வரவேண்டும். அதற்கு அய்னி என்று பெயர். "செய்ததை அப்படியே திருப்பிச் செய்யணும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது" என்பது ஊர்த்தலைவியின் கட்டளை.

மமானி புதிதாக நாலு சுவர் எழுப்பியிருந்தான். "கூரை போட்டுட்டுச் சொல்லி அனுப்பு" என்று மனைவி சிஸா தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். மழை வேறு மலைக்கு அந்தப் பக்கம் உறுமிக்கொண்டிருந்தது. போன வருஷம் கிஸ்பே வீட்டுக்குக் கூரை வேய்ந்தவன் மமானி. ஆகவே கிஸ்பே, கூட்டாளி சோக்கேயைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

முதலில் மண்தாய்க்குச் சோளத்தில் காய்ச்சிய கள்ளை ஊற்ற வேண்டும். போன வருஷம் கை தவறிப் பானையே கவிழ்ந்திருந்தது. இந்த வருஷம் கவனமாகக் கவிழ்த்தார்கள். மண்தாய் குடித்தாள், இவர்கள் பார்த்தார்கள்.

"மச்சான், அன்னிக்கு என் கால்ல உத்தரத்தைப் போட்டியே" என்றான் கிஸ்பே.

"போட்டேன். இடது கால்." மமானி நியாயஸ்தன். காலை நீட்டினான். உத்தரம் விழுந்தது. அலறினான்.

கிஸ்பே தலையை ஆட்டினான். "நான் இதைவிடச் சத்தமா கத்தினேன்."

மமானி இன்னொரு தடவை அலறினான்.

அப்போதுதான் சோக்கே தாடையைத் தடவினான். "அன்னிக்குப் பழைய கூரையைப் பிரிச்சிட்டுத்தானே புதுசு போட்டோம்? முதல் பிடிப் புல்லைக்கூடக் கிஸ்பே சம்சாரம்தான் உருவினா. இங்கே எதைப் பிரிக்கிறது?"

மூவரும் வானத்தைப் பார்த்தார்கள். கூரை இல்லாததால் நன்றாகத் தெரிந்தது.

"விட்டுடலாம்" என்றான் கிஸ்பே.

"என் வீடுன்னா மட்டும் குறைச்சலா?" மமானி சீறினான். "முதல்ல பழைய கூரையைப் போடுங்கடா!"

போட்டார்கள். உத்தரம், கயிறு, மலைப்புல் எல்லாம் வைத்து, சொட்டு ஒழுகாத அருமையான பழைய கூரை. மமானி பூரித்துப்போய் சிஸாவுக்கு ஆள் அனுப்பினான்.

மறுநாள் மூட்டையோடு சிஸா மேடேறி வந்தபோது, மூவரும் மேலே உட்கார்ந்து புல்லைப் பிடுங்கி வீசிக்கொண்டிருந்தார்கள். பாதி வீடு திறந்து கிடந்தது. முதல் தூறல் விழுந்தது.

"அடப்பாவிகளா! என்ன காரியம் பண்றீங்க?" மூட்டையைக் கீழே போட்டாள்.

"இது பழசு, சிஸா" என்றான் மமானி. "பிரிச்சாத்தானே புதுசு போட முடியும்?"

"அது எனக்குத் தெரியாதா? வீட்டுக்காரி வந்து முதல் பிடியை உருவுறதுக்குள்ள யாரய்யா பிரிக்கச் சொன்னது? மறுபடி போடுங்க!"

மழை வலுத்தது. மூவரும் பழைய கூரையை முதலிலிருந்து போட ஆரம்பித்தார்கள். சிஸா நனைந்துகொண்டே, உருவுவதற்குத் தயாராகக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.