பேர் மறந்த நாரை

வெகுகாலத்துக்கு முன்னால், நாரைகள் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த நாளில், முத்தாறு என்றொரு நாடு இருந்தது. வருஷந்தோறும் ஊருக்கு ஒரு பெண் வெள்ளிக்குன்றத்துக் கலாசாலைக்கு வந்து படிக்கவேண்டும் என்று அந்த நாட்டு ராணி வெகுநாளைக்கு முன்பே ஆணை போட்டிருந்தாள். பொரி வறுத்து விற்கும் சடைச்சியின் ஒரே மகள் வடிவு அப்படித்தான் புறப்பட்டாள். ஏழு நாள் நடை. போனவர்கள் ஒரு வருஷம் முடியாமல் ஊர் திரும்பக் கூடாது என்பது அங்கே விதி.

முதல் நாள் ஆசான் பேர் கேட்டார். வடிவு எழுந்து வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை. முந்நூறு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள் வழி தவறி, பாம்புக்கடிக்கு மருந்து சொல்லித்தரும் மண்டபத்தில் போய் உட்கார்ந்தாள். எழுந்து வெளியே போக வெட்கப்பட்டு, மாலை வரை அங்கேயே இருந்தாள்.

மூன்றாம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் சமையற்காரி நாயகியம்மா தட்டு நிறையச் சோறு போட்டாள். எல்லாரும் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யார் பக்கத்தில் போய் உட்காருவது? வடிவு தட்டோடு வெளியே வந்து, பின்புறத்துக் குளத்தங்கரையில் தனியாக உட்கார்ந்தாள். சோறு இறங்கவில்லை. அம்மா, அம்மா என்று மனசு அடித்துக்கொண்டது.

குளத்தில் ஒற்றைக்காலில் நின்ற நாரை கேட்டது:

"வீட்டுக்குப் போகணுமா?"

வடிவு தலையாட்டினாள்.

"தண்ணியில இறங்கு. கண்ணை மூடு. வீட்டை நினை. மூணு தரம் போகலாம். ஆனா உன்னை யாரும் பாக்க முடியாது, நீ பேசுறதும் கேக்காது."

வடிவு இறங்கினாள், கண்ணை மூடினாள், நினைத்தாள். கண் திறந்தபோது வீட்டு அடுப்படி. சடைச்சி சுடுமணலில் அரிசியைப் போட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். பொரி படபடவென்று பூத்தது. "அம்மா," என்றாள் வடிவு. சடைச்சி திரும்பவில்லை. பரவாயில்லை என்று வடிவு அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்திருந்தாள்.

திரும்பி வந்தபோது தோளில் ஒரு வெள்ளை இறகு முளைத்திருந்தது. மேலாக்கால் மூடிக்கொண்டாள். நாரை கழுத்தை நீட்டிக் கேட்டது: "என்ன பார்த்த?"

வடிவு எல்லாம் சொன்னாள். மீந்த சோற்றை நாரைக்கு வைத்தாள். அன்றுமுதல் தினம் மதியம் இருவருக்கும் ஒரே தட்டு.

ஏக்கம் தாங்காமல் இரண்டாம் தரமும் போனாள். பக்கத்து வீட்டுக்காரி சடைச்சியிடம் மகளைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கென்ன, நம்ம நினைப்பே இருக்காது. எல்லாரோடயும் சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பா," என்றாள் சடைச்சி. பக்கத்து வீட்டுக்காரி போனபிறகு சடைச்சி பழக்கத்தில் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஒன்றைக் கழுவாமலே மறுபடி அடுக்கில் கவிழ்த்தாள். வடிவு கையைப் பிடிக்கப் போனாள். கை காற்றாய்ப் போனது.

இந்தத் தரம் திரும்பி வந்தபோது கை முழுக்க இறகு.

மூன்றாம் தரம் போக அவள் தண்ணீரில் கால் வைத்தபோது நாரை குறுக்கே வந்து நின்றது.

"போகாத, வடிவு."

"ஏன்?"

"இந்தத் தரம் போனா நீ நாரை ஆயிடுவ. நான் பொண்ணாயிடுவேன். குளத்துக்குச் சாபம் அப்படி. நாப்பது வருஷத்துக்கு முன்னால நானும் உன்னை மாதிரி படிக்க வந்து, மூணு தரம் வீட்டுக்குப் போனேன். உன்னை ஏமாத்தத்தான் கூப்பிட்டேன். ஆனா தினம் எனக்குச் சோறு வச்சுட்ட. உன் அம்மா என்ன பண்ணாங்கன்னு எனக்கும் சொல்லிட்ட. மனசு வரல."

"சாபம் தீர வேற வழியே இல்லையா?"

"என் பேரைச் சொல்லி யாராவது கூப்பிட்டா இறகு உதிரும். எனக்கே மறந்துபோச்சு."

வடிவு வீட்டை நினைத்தாள். தண்ணீரைப் பார்த்தாள். பிறகு கரையேறிச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய், முந்நூறு பேருக்கு நடுவில் நின்றாள். வாயைத் திறந்தாள், குரல் வரவில்லை. மறுபடி திறந்தாள், காற்றுதான் வந்தது. மூன்றாம் தரம் வந்தது.

"நாப்பது வருஷத்துக்கு முன்னால இங்க படிக்க வந்து காணாமப் போன பொண்ணு பேர் யாருக்காவது தெரியுமா?"

சிலர் சிரித்தார்கள். சிலர் அவள் கையில் முளைத்திருந்த இறகைப் பார்த்துப் பின்வாங்கினார்கள். அடுப்புப் பக்கம் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

"கோமளம்," என்றாள் நாயகியம்மா. "எங்க அக்கா. அவளைத் தேடி வந்துதான் நான் இங்கயே தங்கிட்டேன். எப்பவாவது பசிச்சு வருவான்னு. இத்தனை வருஷத்துல அவ பேரை யாரும் கேட்டதில்லை, கண்ணு. நீ ஏன் கேக்குற?"

வடிவு அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். குளத்தங்கரையில் நின்று நாயகியம்மா கூப்பிட்டாள். "அக்கா. கோமளம் அக்கா."

இறகுகள் மழையாய் உதிர்ந்தன. வடிவின் கையிலிருந்தும் உதிர்ந்தன. இடுப்பளவு தண்ணீரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி நடுங்கிக்கொண்டு நின்றாள். கரையில் நரைத்த தலையோடு நிற்பவளைப் பார்த்து, "அம்மா?" என்றாள்.

"அம்மா போய்ட்டாங்கக்கா. நான் நாயகி, உன் தங்கச்சி."

கோமளம் கரையேறி அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

சேதி ராணிக்கு எட்டியது. அவளே வந்து விசாரித்தாள். "நாப்பது வருஷம் ஒரு பிள்ளை ஏங்கிக் கிடக்க, நம்ம விதி காரணமாயிடுச்சு," என்றாள். விதியை மாற்றினாள். இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பெண்களும் அரண்மனை வண்டியில் ஊர் போய் வரலாம்.

வண்டி புறப்படும்வரை இன்னும் இருபது நாள் இருந்தது. குளம் வெறும் குளமாகிவிட்டது. வடிவுக்கு ஏக்கமோ போகவில்லை. கோமளத்துக்கும் போகவில்லை. அவளுக்குப் போக வீடுகூட இல்லை. இருவரும் சாப்பாட்டுக் கூடத்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தட்டோடு தயங்கி நின்ற வேறு பெண்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

இருபத்தோராம் நாள் வடிவு கோமளத்தையும் நாயகியம்மாவையும் கூட்டிக்கொண்டு வண்டி ஏறினாள். சில நாளில் ஊர் வந்தது. சடைச்சி மணல் சலித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"வடிவு, ஏன் அங்கயே நிக்குற? இவங்க யாரு? உள்ள வாங்க எல்லாரும்."

அம்மாவின் கண் தன்மேல் பட்டதும் வடிவுக்கு அழுகை வந்தது.

"என்னடி, அங்க இன்னும் பழகலையா?"

"பழகிட்டு இருக்கேம்மா," என்றாள் வடிவு.

அவர்கள் நால்வரும் அன்று வயிறார உண்டு நலமாக இருந்தார்கள். கேட்டிருந்த நீங்களும் அப்படியே இருங்கள்.