முந்நூறு கிராம்

கடலோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதில் கமருன்னிசா டீச்சர் ராக்கெட் செய்துகொண்டிருந்தார். சின்ன ராக்கெட், மலிவான ராக்கெட். டீச்சருக்கு வயது நாற்பது, சீடர் நமசிவாயத்துக்கு அறுபது. பெரிய தொழிற்சாலையில் எதையும் இரண்டிரண்டாக வரைந்தே ஓய்வுபெற்றவர் அவர். உபரியாக ஒன்று இல்லாவிட்டால் சாருக்குச் சோறு இறங்காது என்று பட்டறையில் கிண்டல் செய்வார்கள்.

டீச்சரின் கொட்டகையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாமென்று கழற்றிய பாகத்தைச் சுவரில் மாட்டுவார்கள். அதை வரைந்தவரே பாகத்தின் பெயர், எதற்காக வைத்தது, எடை மூன்றையும் சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். எடையில் ஒரு கிராம் பிசகினாலும் டீச்சர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

சேர்ந்த புதிதில் நமசிவாயம் கேட்டார். "எரிபொருள் குழாய்க்கு ஒரு வால்வு போதுமா டீச்சர்? அது திறக்கலைன்னா?"

"ராக்கெட் கிளம்பாது. அவ்வளவுதான்."

"கூட ஒண்ணு வச்சா என்ன?"

"கூட ரெண்டு இணைப்பு வரும். ஒழுக ரெண்டு இடம்."

அவருக்கு மனசு ஆறவில்லை. டீச்சர் வெளியூர் போயிருந்த வாரத்தில் வரைபடத்தில் இன்னொரு வால்வைச் சேர்த்துவிட்டார். இது முன்னாடி இல்லையே சார் என்று வெல்டர் சூசை கேட்டார். உங்க பாதுகாப்புக்குத்தான் என்றார் இவர். சூசை நம்பி வெல்டிங் செய்தார். மேல் உறையை மூடிய பிறகுதான் டீச்சர் திரும்பினார்.

சோதனை நாளில் அந்த இணைப்புதான் ஒழுகியது. தீப்பிடித்தது. பக்கத்தில் நின்ற சூசை ஒன்பதாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். பாவம், தன் வெல்டிங்தான் சரியில்லை என்று கடைசிவரை அழுதுகொண்டிருந்தார்.

அடக்கம் முடிந்து வந்ததும் நமசிவாயம் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னார். யாரும் கேட்காமலே சொன்னார். வேலையை விட்டுப் போய்விடுகிறேன் என்றார்.

டீச்சர் கரிந்த வால்வை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பக்கத்தில் ஒரு சீட்டும் பேனாவும்.

நமசிவாயம் எழுதினார். பெயர்: கூடுதல் வால்வு. எதற்கு: பாதுகாப்புக்கு. எடை: முந்நூறு கிராம்.

டீச்சர் வாங்கிப் படித்தார். சீட்டை மறுபடி அவர் பக்கமே தள்ளினார்.

"எடை தப்பா இருக்கு சார். சூசையையும் சேர்த்து எழுதுங்க."