தும்மலுக்கு உட்கார்ந்த தேசம்

முன்னொரு காலத்தில், ஒருத்தர் தும்மினால் ஊரே உட்கார்ந்துவிடும் தேசம் ஒன்றைக் கொற்றவேல் ராஜா ஆண்டுவந்தார். புறப்படும்போது தும்மல் கேட்டால் அபசகுனம், உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்பணும் என்று நம் பக்கத்திலும் சொல்வார்கள் இல்லையா? அங்கே அது முற்றிப்போயிருந்தது. தெருக்கோடியில் பூனை தும்மினால்கூடத் தெருவே தொப்பென்று உட்காரும். உட்கார்ந்தவர்கள் எப்போது எழுந்திருக்கலாம் என்று சொல்வதற்கு அரண்மனையில் குஞ்சிதபாதர் என்று ஒரு சகுனப் பண்டிதர் இருந்தார். ஒவ்வொரு தடவைக்கும் அவருக்கு ஒரு தேங்காய். வீட்டில் இடமில்லாமல் மனிதர் தேங்காய்க் குவியலின் மேல்தான் பாய் விரித்துப் படுத்தார்.

ராஜாவுக்கு ஒரே கவலை, கோயில் தேர். வடம் பிடித்த ஜனங்கள் தும்மலுக்குத் தும்மல் உட்கார்ந்ததில், பல வருஷமாகத் தேர் நிலைக்கு வந்து சேரவே இல்லை. போன வருஷம் நடுத்தெருவில் சாமி மழையில் நனைந்தபோது, குடை பிடித்துக்கொண்டே ராஜா அழுதுவிட்டார்.

"இனித் தும்மலுக்கு யாரும் உட்காரக் கூடாது, இது ராஜகட்டளை!" என்று தண்டோரா போடச் சொன்னார். தண்டோராக்காரர் சொல்லி முடிப்பதற்குள் தும்மிவிட்டார். ஊர் உட்கார்ந்தது. அவரும் உட்கார்ந்தார்.

"என் கட்டளையைவிட ஒரு தும்மல் பெரிசாய்ப் போச்சா?" என்று சபையில் சீறினார் ராஜா.

அமைச்சர் அம்பலவாணர் எழுந்தார். "கட்டளை வேண்டாம் மன்னா. மூன்று பேர் போதும்."

"மூன்று பேரா!" குஞ்சிதபாதர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "ஊரே ஒரு பக்கம் இருக்கும்போது மூன்று பேர் என்ன செய்வார்கள்? தாயம் ஆடுவார்களோ?"

"இந்த வருஷம் தேர் நிலைக்கு வராவிட்டால் என் பதவியை இவருக்கே கொடுத்துவிடுங்கள்" என்றார் அமைச்சர். வாய் சும்மா இருக்காதே அவருக்கு! அன்று வீட்டில் மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஊரில் பிடிவாதத்துக்குப் பேர்போன மூன்று பேரைக் கூப்பிட்டார். பூக்காரி பொன்னுருவி, புட்டு விற்கும் காத்தாயி, வண்டிக்கார ஒண்டிமுத்து.

"யாரோடும் சண்டை போடாதீர்கள். யாரையும் முட்டாள் என்று சொல்லாதீர்கள். தும்மல் கேட்டால் 'நூறு வயசு!' என்று வாழ்த்திவிட்டு நடந்துகொண்டே இருங்கள். ஒரு தடவைகூட, ஒருத்தர்கூட உட்காரக் கூடாது."

மறுநாள் சந்தையில் யாரோ தும்ம, சந்தையே உட்கார்ந்தது. மூன்று பேர் மட்டும் "நூறு வயசு!" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். "ஐயையோ, ராத்திரி தாங்கமாட்டாங்க!" என்றது ஊர். அடுத்த நாள் பிணம் பார்க்கும் ஆவலோடு வந்தவர்கள், சுடச்சுடப் புட்டு விற்ற காத்தாயியைப் பார்த்து ஏமாந்தே போனார்கள்.

ஒருநாள் தும்மல் கேட்டும் நடந்த ஒண்டிமுத்து, வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தான். "பாத்தியா! உக்காந்துட்டான்!" என்று கும்பல் குதித்தது.

"உக்காரலைங்க, படுத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, எழுந்து இடுப்பைப் பிடித்தபடி நடந்தான்.

அங்கேதான் ஊருக்குள் குடைச்சல் தொடங்கியது. "இவ்வளவு திடமா இருக்காங்கன்னா ஏதோ விஷயம் இருக்கு" என்று முணுமுணுத்தார்கள். சிலர் பாதி உட்கார்ந்து எழுந்தார்கள். சிலர் வேட்டியைச் சரிசெய்கிற மாதிரி லேசாகக் குனிந்ததோடு சரி. தேர்த் திருவிழா நெருங்கும்போது, முன்பு முதலில் உட்கார்ந்தவர்களே, "நாங்க என்னைக்குய்யா உக்காந்தோம்?" என்று கேட்டார்கள். எனக்கு எரிச்சல் மூட்டுகிறவர்கள் இவர்கள்தான்!

தேங்காய் வரத்து நின்றதும் குஞ்சிதபாதருக்குத் தூக்கம் போயிற்று. தேரன்று ஒரு பை மிளகுப்பொடியோடு வந்து, தேர் கிளம்புகிற நேரம் பார்த்துத் தெரு முனையில் உதறினார். ஊரே ஒன்றாகத் தும்மியது. வடம் தளர்ந்தது. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துத் திருட்டு முழி முழித்தார்கள்.

"நூறு வயசு! இழுங்க!" என்று தும்மிக்கொண்டே கத்தினாள் பொன்னுருவி. காத்தாயி கத்தினாள். ஒண்டிமுத்து கத்தினான். பிறகு ஊரே "நூறு வயசு!" என்று முழங்க, தேர் கடகடவென்று நகர்ந்தது. பழக்க தோஷத்தில் பாதி உட்கார்ந்த ராஜாவும் மீசையை முறுக்கியபடி நிமிர்ந்துகொண்டார்.

தேர் நிலைக்கு வந்தது. ராஜா குழந்தை மாதிரி குதித்து, அந்த மூன்று பேருக்கும் பட்டுச் சால்வை போர்த்தி, தன் முத்துமாலையை அமைச்சர் கழுத்தில் போட்டார். பிறகு தெருவைத் திரும்பிப் பார்த்தார். தும்மித் தும்மி மூக்குச் சிவந்த குஞ்சிதபாதர், காலிப் பையோடு தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தார்.

"நான் உட்காருவேன்! நாளைக்கும் உட்காருவேன்! என்றைக்கும் உட்காருவேன்!"

"உட்காரட்டுமே, ஒருத்தர்தானே" என்று சிரித்தார் ராஜா.

அமைச்சரின் முகம் வெளுத்தது. "அப்படிச் சொல்லாதீர்கள் மன்னா! அதோ பாருங்கள், களைத்துப்போன மேளக்காரர் அவர் பக்கத்தில் போய் உட்காருகிறார்!"

ராஜா செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். "யாரங்கே! மூன்றாவது ஆள் வருவதற்குள் இரண்டு பேரையும் தூக்கி நிறுத்துங்கள்!"