நிறைந்திருக்கும் குப்பை

முன்னொரு காலத்திலே மயிலங்குடி நாட்டை வேங்கைமாறன் என்றொரு ராசா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் குரங்குப்பிடி. ஒருநாள் அரண்மனைச் சமையற்காரி, அரிசி தீர்ந்துபோனதை "அரிசி நிறைஞ்சிருக்கு" என்று மங்கலமாகச் சொன்னது அவன் காதில் விழுந்தது. அடடா, இந்த நாகரிகம் நம் அவைக்குத் தெரியாமல் போயிற்றே என்று உடனே சட்டம் போட்டுவிட்டான். அவையில் யாரும் 'இல்லை' என்று சொல்லக்கூடாது. வரவில்லை, தரவில்லை என்று வாலாக ஒட்டி வந்தாலும் கூடாது. எது இல்லையோ, அது நிறைந்திருக்கிறது என்றே சொல்லவேண்டும். மீறினால் சவுக்கடி.

இந்தக் கூத்தில் வந்து மாட்டிக்கொண்டவள் தெற்குத் தெரு உலகம்மை. அவள் தெருவுக்குக் குப்பை வண்டி வருவது நின்றுபோயிருந்தது. வாசலில் குப்பை மலையாகக் கிடந்தது, அதன்மேல் ஈ மொய்த்தது. தலைப்பிரசவத்துக்கு மகள் வெள்ளிக்கிழமை வருகிறாள். இந்த நாற்றத்தில் பிள்ளைத்தாய்ச்சியை எங்கே படுக்கவைப்பது?

நகரசபைக்கு நடந்தாள். வண்டிகளுக்கெல்லாம் அதிகாரி செவ்வந்தியப்பர். ராசாவின் காதில் வேறு யார் பேச்சு விழுந்தாலும் அவருக்கு வயிறு எரியும்.

"வண்டி வந்ததம்மா. நீதான் குப்பையை வெளியே வைக்கவில்லை."

"வாசலை அடைச்சுக்கிட்டுக் கிடக்குதே ஐயா."

"அப்படியானால் வண்டிக்காரன் கண்ணில் படவில்லை."

அடுத்த முறை போனபோது, மாட்டுக்கு லாடம் கட்டுகிறோம் என்றார். அதற்கடுத்த முறை, மாட்டின் மாமியார் செத்துப்போனாள் என்று சொல்லாததுதான் குறை. நடந்து நடந்து உலகம்மைக்குக் கோபம்கூட வற்றிப்போயிற்று.

"ராசாகிட்டயே சொல்லிக்கிறேன்."

"தாராளமாகச் சொல்" என்று சிரித்தார் செவ்வந்தியப்பர். அந்தச் சிரிப்பு எதற்கென்று அவைக்குப் போன பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

"என்ன குறை, தாயே?" என்றான் ராசா.

"எங்க தெருவுல குப்பை நிறைஞ்சிருக்கு, மகாராசா."

ராசாவின் முகம் மலர்ந்தது. "தெற்குத் தெரு அத்தனை சுத்தமா? செவ்வந்தியப்பரே, உமக்கு ஒரு சால்வை."

வண்டி வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சவுக்குக்காரன் ஓரடி முன்னே வந்தான். மூடிக்கொண்டாள். கால் கடுத்தது. பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடலாமா என்றிருந்தது. ஆனால் வீட்டில் ஈயல்லவா படுத்திருக்கிறது. மகளை நினைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"போறதுக்கு முன்னால மகாராசாவை வாழ்த்திட்டுப் போகட்டுமா?"

"வாழ்த்து, வாழ்த்து."

"எங்க மகாராசாகிட்டே கருணை நிறைஞ்சிருக்கு."

ராசா தலையாட்டினான்.

"நீதியும் நிறைஞ்சிருக்கு."

தலையாட்டல் பாதியில் நின்றது.

"அறிவைக் கேட்கவே வேண்டாம். தலை முழுக்க நிறைஞ்சிருக்கு."

அவையில் யாரோ இருமினார்கள். ராசா முன்னால் குனிந்தான். "பெண்ணே, நீ சொல்வது ஊர் நிறைவா, அவை நிறைவா?"

"அதைத்தான் மகாராசா நானும் கேட்கிறேன். என் வாசல் குப்பையை நீங்க எந்த நிறைவுல சேர்த்தீங்க?"

ராசா செவ்வந்தியப்பர் பக்கம் திரும்பி, "தெற்குத் தெருவுக்கு வண்டி போயிற்றா?" என்று கேட்டான்.

போகவில்லை என்றால் சவுக்கடி. போயிற்று என்றால் ராசாவே நேரில் போய்ப் பார்த்துவிடுவான். செவ்வந்தியப்பர் மெல்ல இழுத்தார். "வண்டி போவது... நிறைந்திருக்கிறது, மன்னா."

"அப்படியா? இந்த நிமிடத்திலிருந்து உமக்கும் பதவி நிறைந்திருக்கிறது. சால்வையை வைத்துவிட்டு வண்டியை நீரே ஓட்டிக்கொண்டு போம்."

பிறகு ராசா எழுந்து, "இனி இந்த அவையில் இல்லை என்று சொல்லலாம். முதலில் நானே சொல்கிறேன். எனக்குப் புத்தி இல்லை" என்றான். உலகம்மையிடம் என்ன பரிசு வேண்டும் என்று கேட்டான்.

"வண்டி ஒழுங்கா வரட்டும், மகாராசா. வேற எதையும் கேட்க எனக்குத் தெம்பு இல்லை."

வெள்ளிக்கிழமை மகள் வந்து இறங்கினாள். வயிற்றில் கைவைத்தபடி தெருவை மேலும் கீழும் பார்த்தாள். "குப்பை, ஈ, நாத்தம்னு சொல்லி அனுப்பியிருந்தியே, எங்கேம்மா?"

"இல்லை" என்று வாய் நிறையச் சொன்னாள் உலகம்மை.