ஏழு சாணும் ரெண்டு விரலும்

பால்வாடி ஆயா செங்கேணி, பிள்ளைகளை எதையாவது சாண் போட்டு அளக்க விட்டுக்கொண்டே இருப்பாள். பாய், பானை, பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி எதுவும் தப்பாது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி ஞானவரதனுக்கு அது பிடிக்கவில்லை. "அளவு சொல்லிக்கொடுக்க ஒரு பெட்டி நிறைய ஸ்கேல் கொண்டுவந்திருக்கேன். இனிமே சாண் கீண்னு விளையாட்டு காட்டினா உனக்கு வேலை இருக்காது" என்றார்.

நாலு ஆட்கள் கதவு உயரத்துக்கு ஒரு பெரிய தகரப் பெட்டியை வாசலில் இறக்கினார்கள். பிள்ளைகள் ஓடிப்போய் அளந்தார்கள்.

"கதவு அகலம் ஏழு சாண். பெட்டி எந்தப் பக்கமும் அகலம் ஏழு சாணும் ரெண்டு விரலும்" என்றாள் நாலு வயசு ஓவியா.

"உள்ளே போகாதுங்கய்யா" என்றாள் செங்கேணி.

"ஆபீஸ்ல அளந்து செஞ்சது" என்று ஞானவரதன் உள்ளே போய் நின்றுகொண்டு, "தள்ளுங்கப்பா" என்றார்.

தள்ளினார்கள். தகரம் நசுங்கி நிலையில் இறுகிக்கொண்டது. இந்தப் பக்கமும் வரவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. அந்த அறைக்கு வேறு கதவு கிடையாது.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து தணிந்த குரல் வந்தது. "செங்கேணி, நான் இந்த ஜன்னல் வழியா வர முடியுமாம்மா?"

"கம்பியில்லாத ஜன்னல்தாங்கய்யா, நாலு சாண். உங்களைத்தான் இன்னும் அளக்கலை."

"அளக்கச் சொல்லு."

ஓவியா ஜன்னலேறி உள்ளே குதித்தாள். ஞானவரதன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"வயித்தை எக்காதீங்க சார்" என்றாள் அவள். "அளவு தப்பா வரும்."