ரெடி என்றது மைனா

ஓடை குறுக்கே ஓடும் ஒரு காட்டில் ஒரு புள்ளிமான் இருந்தது. எதையும் தீர விசாரிக்காமல் ஓர் அடி நகராது, அப்படியொரு குணம். ஓடைக்கு அக்கரையில், உயர்ந்த புல்லுக்குள் அதன் குட்டி பாலுக்குக் காத்துக் கிடக்கும்.

அந்தக் காட்டு மைனாக்களுக்கு ஒரு பெருமை உண்டு, குழந்தைகளே. எந்தக் காலத்திலோ யார் வீட்டுக் கூண்டிலிருந்தோ தப்பி வந்த ஒரு மைனா, 'ரெடி' என்ற இங்கிலீஷ் சொல்லைக் கொண்டு வந்திருந்தது. அன்று முதல் மைனாக்கள் வேறு எதுவும் பேசுவதில்லை. பேசினால் கௌரவக் குறைச்சலாம்.

ஒருநாள் மான் இக்கரையில் அத்திமரத்தடியில் மேய்ந்துகொண்டிருந்தது. மேலே மைனா படபடவென்று சிறகடித்து, "ரெடி, ரெடி" என்று கத்தியது.

மானுக்குத் திக்கென்றது. ஓடத்தான் நினைத்தது. ஆனால் போன வாரம் இதே சொல்லைக் கேட்டு, வழக்கத்துக்கு மாறாக விசாரிக்காமலே தலைதெறிக்க ஓடியிருந்தது. அது வெறும் அத்திப்பழம் பழுத்த சேதி. குரங்குகள் பழத்தையும் தின்று, மானைப் பார்த்துச் சிரிக்கவும் சிரித்தன. இன்னொரு முறை அந்த அவமானம் வேண்டாம் என்று, பக்கத்தில் கிடந்த கிழட்டு ஆமையிடம் கேட்டது.

"ஆமையாரே, ரெடி என்றால் என்ன?"

இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் ஆமை பல வருஷமாகக் காத்திருந்தது.

"நல்ல கேள்வி, அம்மா. அவசரப்படாதே, முதலிலிருந்து சொல்கிறேன். ஆதியில், கூண்டுக்குள் சாப்பாடு வைத்தால் ரெடி. அதுதான் சுத்தமான அர்த்தம். பிறகு, மரத்தில் பழம் கனிந்தால் ரெடி. என் நடுவயதில், மழை இறங்கப் போகிறது என்றால் ரெடி."

"இப்போது என்ன அர்த்தம், ஆமையாரே?"

"இந்தக் காலத்து மைனாக்கள் எங்கே ஒழுங்காகப் பேசுகின்றன? நாலாவதாக..." என்ற ஆமை, சட்டென்று தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

புதரிலிருந்து சிறுத்தை பாய்ந்தது.

தொடையில் நகம் கிழிக்க, மான் எப்படியோ ஓடையைத் தாண்டி விழுந்தடித்து ஓடியது. குட்டியிடம் போய்ச் சேர்ந்தபோது மானால் நிற்கக்கூட முடியவில்லை. படுத்தபடியே பால் கொடுத்தது. பயத்தில் நெடுநேரம் அழுதது.

தண்ணீரில் இறங்க மனமில்லாத சிறுத்தை ஆமையின் ஓட்டைத் தட்டிப் பார்த்தது. பல் இறங்காது என்று தெரிந்ததும் பணிவாகக் கேட்டது:

"ஐயா, நாளைக்கும் இதே இடத்தில் பாடம் உண்டா?"

"விருப்பமுள்ளவர்கள் வரலாம்" என்றது உள்ளேயிருந்து ஆமை.

காயம் ஆறியதும் மான் மறுபடி அத்திமரத்தடிக்கு வந்தது. மைனா "ரெடி" என்றது. சொல் முடிவதற்குள் மான் அக்கரையில் நின்றது. இக்கரையில் சிறுத்தை வெறும் வாயை மென்றபடி புதரை விட்டு வெளியே வந்தது.

ஆமைக்கு மனத்தாங்கல். "நாலாவது அர்த்தத்தைக் கேட்காமலே போய்விட்டாயே" என்றது.

"இங்கிருந்தே கேட்கிறேன், நிதானமாகச் சொல்லுங்கள்" என்றது மான். "பழம் என்றால் திரும்பி வந்து தின்றுகொள்கிறேன். உங்களுக்கு முதுகிலேயே வீடு இருக்கிறது ஆமையாரே. எனக்குக் கால்தான் இருக்கிறது."

நீதி: எச்சரிக்கைக் குரல் கேட்டால் முதலில் தப்பித்துக்கொள்; அர்த்தத்தை அக்கரையில் நின்று கேட்கலாம்.