உலகம்மாளின் பதினொரு வாத்துகள்

"வாத்துக வரமாட்டேங்குது, மாசானம்."

குற்றாலிங்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் கல்லில் உட்கார்ந்தார்.

மாசானம் நேற்றைய கரிக்கட்டைகளை ஓரமாகத் தள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இப்ப எத்தனை இருக்கு?"

"நாலு."

"போன வாரம் ஆறுன்னு சொன்னீய."

"நரி ரெண்ட எடுத்துட்டுப் போயிட்டு."

இவர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன்.

குற்றாலிங்கம் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். வயது அறுபத்தொன்பது. ஊருக்கு வெளியே, குட்டையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் தோட்டம். அதில் ஓர் ஓட்டு வீடு.

மாசானத்துக்கு நாற்பதுதான். குட்டைக்கு எதிர்க்கரையில் இருக்கும் சுடுகாட்டில் பிணம் எரிப்பவர். ஊர் அவரை 'அவன்' என்றுதான் சொல்லும். குற்றாலிங்கத்துக்குக் குரு என்று ஆகிவிட்ட பிறகு நான் அப்படிச் சொல்வதற்கில்லை.

நாற்பது நாளுக்கு முன்னால் குற்றாலிங்கத்தின் மனைவி உலகம்மாளை எரித்தது மாசானம்தான். மறுநாள் சாம்பல் எடுக்க வந்த குற்றாலிங்கம், அதற்கு மறுநாளும் வந்தார். பிறகு தினமும் வந்தார். மாஸ்டருக்கு மூளை கலங்கிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சீடனை 'அய்யா' என்று கூப்பிட்ட குரு உலகத்திலேயே மாசானம் ஒருவராகத்தான் இருப்பார்.

முதல் நாள் குற்றாலிங்கம் கேட்டது இதுதான்: "அவ எங்க போயிருப்பா?"

மாசானம் வானத்தைப் பார்த்தார். "பொழுது சாஞ்சிட்டு. வீட்டுல யாரு இருக்கா?"

"யாரு இருக்கா? வாத்துகதான் கெடக்கு."

"போயி அடைங்க."

எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான். அவர் போய் அடைக்கப் பார்த்தார். அதுதான் முடியவில்லை.

வாத்துகள் உலகம்மாளுடையவை. மொத்தம் பதினொன்று. முட்டையை விற்றதில்லை, கறிக்கும் கொடுத்ததில்லை. எதற்கு வளர்க்கிறாய் என்று கேட்டால், "அதுக பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்பாள். பகலெல்லாம் குட்டையில் மிதக்கும். சாயங்காலம் அவள் கரைக்குப் போய்க் கூப்பிடுவாள். வரிசையாக வந்து கூண்டில் அடையும்.

அவள் போன பிறகு ஒன்றும் கூண்டுக்கு வரவில்லை. இருட்டியதும் கரையோரம் ஒதுங்கிப் படுத்தன. நரிக்கு அது போதும்.

"கூப்பிட்டுப் பாத்தீயளா?" என்றார் மாசானம்.

"தொண்டை கட்டுற வரைக்கும் கூப்பிட்டேன்."

"தவிடு?"

"வச்சேன். காக்கா தின்னுட்டுப் போச்சு."

"கம்பு?"

"தண்ணிக்குள்ள இறங்கி விரட்டினேன். நடுக்குட்டைக்குப் போயிட்டு."

குற்றாலிங்கம் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அவ சேலையப் போத்திக்கிட்டுக்கூட நின்னேன்."

மாசானம் சிரிக்கவில்லை.

"அவ கூப்பிடுறத எப்பவோ என் தங்கச்சி மக செல்லுல பிடிச்சு வச்சிருந்தா. அதையும் போட்டேன்."

"வந்துச்சா?"

"வந்துது. எல்லாம் வந்துது. அப்ப ஒம்பது இருந்துது. ஆனா கூண்டுக்குப் போகல. நேரா வீட்டுக்குள்ள வந்துட்டு. அடுப்படிக்குப் போச்சு. புறவாசலுக்குப் போச்சு. கட்டிலுக்கு அடியில தலைய விட்டுப் பாத்துது."

அவர் கல்லிலிருந்து எழுந்தார்.

"மாசானம், நானும் அதுக பின்னாலயே போயித் தேடினேன்."

மாசானம் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

"மறுநா அதே குரலப் போட்டேன். ஒண்ணுகூடத் தலையத் தூக்கல. அவ விட்டுட்டுப் போனது இதுக மட்டுந்தான். இதையும் நரிக்குக் கொடுத்துட்டு நான் எதுக்கு இருக்கேன், சொல்லு."

"அம்மா எப்படிக் கூப்பிடுவாக?"

"வா... வாவா... வா-ன்னு."

"குரலக் கேக்கல. எப்படி நிப்பாக? எப்படிப் போவாக?"

குற்றாலிங்கம் யோசித்தார். அந்த நேரத்தில் அவர் எப்போதும் முன்னறையில் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருப்பார். ஓய்வுபெற்று இங்கே வந்த ஒன்பது வருஷத்தில் ஒரு சாயங்காலம்கூட எழுந்து போய்ப் பார்த்ததில்லை.

"தெரியல" என்றார்.

"நான் பாத்திருக்கேன். இங்கன நின்னா நல்லாத் தெரியும். தெனமும் பாத்திருக்கேன்."

அந்தப் பேச்சு குற்றாலிங்கத்துக்குச் சுருக்கென்று தைத்தது. அவமானமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

"எப்படி?"

"மூணு தடவ கூப்பிடுவாக. பொறவு முதுகக் காட்டிட்டு நடப்பாக."

"அவ்வளவுதானா?"

"கூண்டு வரைக்கும் திரும்ப மாட்டாக."

அன்று சாயங்காலம் குற்றாலிங்கம் கரையில் நின்று மூன்று தடவை கூப்பிட்டார். முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தார்.

பத்தடி. இருபதடி.

பின்னால் ஈரக் கால்கள் மண்ணில் படும் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை சுடுகாட்டுக்கு வந்து, நின்றபடியே சொன்னார்.

"மூணு."

"திரும்பினீயளா?"

"ஒரே ஒரு தடவ. பாதி வழியில. நாலும் வந்துக்கிட்டுத்தான் இருந்துது. நான் பாத்ததும் நின்னுட்டு. அப்படியே தண்ணிக்குப் போயிட்டு. ராத்திரி நரி ஒண்ண எடுத்துட்டுப் போயிட்டு, நொண்டி தப்பிச்சிட்டு."

"ஏன் திரும்பினீய?"

குற்றாலிங்கத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"முப்பத்து நாலு வருஷம் வண்டி விட்டவன் நான். கடைசிப் பெட்டி கண்ணுல பட்டாத்தான் வண்டி முழுசா போயிருக்குன்னு அர்த்தம். பாக்காம ஒரு வண்டியையும் விட்டதில்ல. நொண்டி வருதா இல்லையான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

நொண்டி என்றது கால் வளைந்த ஒரு வாத்தை. குஞ்சாக இருந்தபோது பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்டதை உலகம்மாள் மடியில் போட்டு வளர்த்தாள். வரிசையில் எப்போதும் அதுதான் கடைசி.

மாசானம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கும் ஒரு தடவ திரும்பினீய."

"என்னைக்கு?"

"கொள்ளி வச்சுட்டு. திரும்பிப் பாக்காமப் போங்கன்னு நான்தான் சொன்னேன். அந்த வேம்புகிட்டப் போயி நின்னு திரும்பினீய."

குற்றாலிங்கம் வேம்பைப் பார்த்தார்.

"நல்லா எரியுதான்னு பாத்தீயளா?"

"இல்ல."

குட்டையில் மூன்று வாத்துகளும் தண்ணீருக்குள் தலையை விட்டு எடுத்துக்கொண்டிருந்தன. அவர் அதைப் பார்த்தபடியே சொன்னார்.

"எந்திரிச்சு வாராளான்னு பாத்தேன்."

மாசானம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். நாலடி போய் நின்றார்.

"இன்னைக்குச் சாயங்காலம் நான் இங்கனதான் நிப்பேன். பாக்க வேண்டியத நான் பாக்கேன். நீங்க நடங்க."

அன்று சாயங்காலம் குற்றாலிங்கம் மறுபடியும் கரைக்குப் போனார்.

மூன்று தடவை கூப்பிட்டார். முதுகைக் காட்டினார்.

நடந்தார்.

பத்தடி. ஒரு சத்தமும் இல்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. தோளில் கிடந்த துண்டைக் கழுத்தில் சுற்றி, இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

இருபதடி.

எதிரே வீடு தெரிந்தது. முன்னறை சன்னல் இருட்டாக இருந்தது. அந்தச் சன்னலுக்குப் பின்னால்தான் அவர் உட்கார்ந்து செய்தி கேட்பார். ஒன்பது வருஷமாக அவள் இந்த வழியில் அந்தச் சன்னலைப் பார்த்துத்தான் நடந்து வந்திருக்கிறாள். ஒரு நாளாவது தலையை நீட்டியிருக்கலாம் என்று நினைத்தபோது அவருக்கு நடக்கவே முடியவில்லை. ஆனாலும் நடந்தார்.

கூண்டை அடைந்தார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி நின்றார்.

ஈரமாக ஏதோ கணுக்காலை உரசியது.

ஒன்று உள்ளே போனது.

இன்னொன்று போனது.

காத்திருந்தார்.

நொண்டிக்கு நேரமாகும். அவருக்குத் தெரியும். மனசுக்குள் பத்துவரை எண்ணினார். மறுபடி எண்ணினார். சுவரில் இருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. உள்ளே இரண்டும் வைக்கோலில் அடைந்துவிட்டன.

சுவரைப் பார்த்தபடியே சத்தம் போட்டார்.

"மாசானம்! நொண்டி வருதா?"

அக்கரையிலிருந்து பதில் இல்லை.

"மாசானம்! உன்னத்தான் கேக்கேன்! வருதா, வரலையா?"

"அய்யா" என்றது குரல்.

"சொல்லு!"

"கதவச் சாத்துங்க."

குற்றாலிங்கம் திரும்பவில்லை. கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டினார்.

உலகம்மாள் போன அன்றுகூட அழாதவர், அதற்குப் பிறகுதான் அழுதார். குட்டைக்கு இரண்டு கரையிலும் கேட்டது.